தேசத்தின் சிலுவை: ஒரு நம்பிக்கை நாட்டின் அடையாளமாவது எப்படி?

2018 ஏப்ரலில் ஜெர்மனியின் பவேரியா மாநில அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. மாநில அரசின் அலுவலகக் கட்டடங்கள் ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் கண்ணில் படும்படி ஒரு சிலுவை இருக்க வேண்டும். இது ஒரு மதத்தின் சின்னமாக வைக்கப்படவில்லை, பவேரியாவின் வரலாற்றையும் பண்பாட்டையும் காட்டுவதற்காகவே வைக்கப்படுகிறது என்று மாநில முதல்வர் மார்கஸ் சோடர் விளக்கினார். எதிர்ப்புகள் வந்தன. அவற்றுள் அதிகம் பேசப்பட்டது மியூனிக் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸின் எதிர்ப்பு. சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகப் பார்ப்பவர் அதன் பொருளை விளங்கிக்கொள்ளவில்லை என்றார் அவர். அரசு அதைத் திருச்சபையிடமிருந்து பறித்துக்கொள்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. வழக்கு மேலே போனது. 2023 டிசம்பரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் சிலுவைகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

அரசு சிலுவையை மாட்டச் சொல்கிறது. அந்தச் சிலுவையை வணங்கும் சபையின் தலைவர் மறுக்கிறார். கிறித்தவமும் தேசிய அரசியலும் சந்திக்கும் இடங்களில் இந்த முரண் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. வார்சாவிலும் ஜாம்பியாவின் லூசாகாவிலும் மாஸ்கோவிலும் டெக்சாஸிலும் ‘எங்கள் நாடு கிறித்தவ நாடு’ என்று சொல்பவர்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும், அதற்குப் பின்னால் இருப்பவை வெவ்வேறு வரலாறுகள். அந்த வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஒரு நாட்டில் கிறித்தவம் தேச அடையாளமாக இறுகுவதற்கு அங்குள்ள மக்களின் பக்தி மட்டும் காரணமில்லை. அவர்களை ஆண்டது யார், ஆட்சியாளரின் மதம் எது என்பதுதான் பெரும்பாலும் அதை முடிவுசெய்திருக்கிறது. இன்னொன்றும் தெரியும். ஒடுக்கப்பட்ட காலத்தில் மக்களோடு நின்று சேர்த்த மதிப்பை, விடுதலைக்குப் பிறகு சட்டமாக மாற்றிக்கொண்ட திருச்சபைகள் அந்த மதிப்பை வேகமாக இழந்திருக்கின்றன.

வேத நூலில் இதற்கு நேரான வழிகாட்டல் இல்லை. ‘இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும்’ என்ற இயேசுவின் வாக்கு இரண்டு ஆட்சிகளைப் பிரிக்கிறது. எல்லைக்கோடு எங்கே என்று சொல்லவில்லை. ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. வெளிப்படுத்தல் நூலின் 13ஆம் அதிகாரமோ பேரரசைக் கடலிலிருந்து எழும் மிருகமாகக் காட்டுகிறது. ஆட்சியாளர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள், கலகக்காரர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறித்தவர்களிடம் அரசு இல்லாததால் இந்தக் கேள்வி கூர்மையாக எழவுமில்லை. 313இல் கான்ஸ்டன்டைன் வழிபாட்டு உரிமை கொடுத்தார். 380இல் தியோடோசியஸ் அதையே பேரரசின் மதமாக்கினார். மரபுக் கணக்குப்படி 301இலேயே அரசர் மூன்றாம் திரிடாட்டின் காலத்தில் ஆர்மீனியா அந்த முடிவை எடுத்துவிட்டது.

அங்கிருந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குமேல் மதம் என்பது அரசனுடையது. 1534இல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமையைத் தானே எடுத்துக்கொண்டதும், 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை ‘யாருடைய நாடோ அவருடைய மதம்’ என்ற விதியை வகுத்ததும் அந்த வழக்கத்தின் நீட்சிதான். அந்த விதி மக்களைக் கேட்டு எழுதப்பட்டதில்லை. அரசன் மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்தை ஏற்று லூத்தரன் ஆனால் குடிகளும் லூத்தரன். பிடிக்காதவர் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். மக்களே தேசம் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றபோதுதான், மக்களின் மதம் என்ன என்பது அரசியல் கேள்வியாயிற்று.

ஆள்பவன் வேறு மதத்தவன் என்றால்

போலந்திலிருந்து தொடங்குவது சரியாக இருக்கும். 966இல் மியெஸ்கோ என்ற இளவரசர் திருமுழுக்குப் பெற்றதைத்தான் அந்த நாடு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. ஆனால் பழைய போலந்து கத்தோலிக்கர்களுக்கு மட்டுமான நாடாக இருக்கவில்லை. யூதர்களும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களும் லூத்தரன்களும் தாத்தார் முஸ்லிம்களும் அங்கே வாழ்ந்தார்கள். ஐரோப்பா மதப் போர்களில் வெந்துகொண்டிருந்த 1573இல், வார்சாவில் கூடிய பிரபுக்கள் மத வேறுபாட்டுக்காக ஒருவர்மீது ஒருவர் வாளெடுப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போலந்தை நாம் மறந்துவிடக் கூடாது. ‘போலந்துக்காரர் என்றால் கத்தோலிக்கர்’ என்ற சமன்பாடு அதற்குப் பின்னால் உருவானது.

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைத் துண்டுபோட்டுப் பங்கிட்டுக்கொண்டன. 123 ஆண்டுகள் உலக வரைபடத்தில் போலந்து இல்லை. அரசு போனது, படை போனது, பள்ளிகளில் மொழியும் போனது. மிஞ்சியது கோயில். ரஷ்ய ஆட்சி ஆர்த்தடாக்ஸ், பிரஷ்ய ஆட்சி லூத்தரன் என்பதால் கத்தோலிக்கராக இருப்பதே ‘நான் உன்னவன் இல்லை’ என்று சொல்வதாக ஆனது. 1901இல் பிரஷ்ய ஆட்சியில் இருந்த வ்ஜெஷ்னியா என்ற சிற்றூரில், மறைக்கல்வி வகுப்பில் ஜெர்மன் மொழியில் செபம் சொல்ல மறுத்த பள்ளிக் குழந்தைகள் பிரம்பால் அடிக்கப்பட்டார்கள். தட்டிக்கேட்ட பெற்றோர் சிறைக்குப் போனார்கள். அந்தக் குழந்தைகளிடம் போய், நீ காப்பது மொழியையா மதத்தையா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டும் ஒன்றாகியிருந்தன.

அதன் பிறகு நடந்தவை அந்தப் பிணைப்பை இரும்பாக்கின. நாஜிகள் முப்பது லட்சம் போலந்து யூதர்களைக் கொன்றார்கள். போருக்குப் பின் எல்லைகள் மேற்கே நகர்த்தப்பட்டு, ஜெர்மானியரும் உக்ரைனியரும் வெளியேற்றப்பட்டார்கள். கிட்டத்தட்ட முழுவதும் கத்தோலிக்கராக இருக்கும் நாடு வரலாற்றில் முதன்முறையாக அப்போதுதான் உருவானது. அதை ஆளவந்தது கம்யூனிஸ்டுகளின் நாத்திக அரசு. போலந்துத் திருச்சபையின் தலைவரான கர்தினால் வைஷின்ஸ்கியை 1953 முதல் 1956 வரை காவலில் வைத்தது. 1978இல் க்ராக்கோவின் பேராயர் இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் போப்பானார். அடுத்த ஜூனில் ஒன்பது நாள் பயணமாகத் தாய்நாடு வந்தார். லட்சக்கணக்கான மக்கள் அரசின் அழைப்பு இல்லாமலே கூடி, தாங்கள் எத்தனை பேர் என்பதைத் தாங்களே முதன்முறை பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கம் பிறந்தது. அதன் ஆதரவாளரான பாதிரியார் யெர்ஸி பொப்பியேவுஷ்கோவை 1984இல் ரகசியக் காவல்துறையினர் கொன்றார்கள். 1989இல் ஆட்சி மாறியபோது திருச்சபைக்கு இருந்த தார்மீகச் செல்வம் வேறு எந்த நிறுவனத்துக்கும் இருக்கவில்லை.

கிழக்குத் திமோரின் கதை இதைவிடத் தெளிவானது. போர்ச்சுகல் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருந்தும், 1975இல் இந்தோனேசியா படையெடுத்து நுழைந்தபோது மக்களில் கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இருபத்து நான்கு ஆண்டு ஆக்கிரமிப்பு முடிந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கத்தோலிக்கர். காலனி ஆட்சியாளர்களால் முடியாததை ஆக்கிரமிப்பு செய்தது. இந்தோனேசியச் சட்டப்படி ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட மதம் ஒன்றில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். அடைக்கலம் கேட்டு ஓட இருந்த ஒரே கதவு ஆலயக் கதவு என்பது அதைவிடப் பெரிய காரணம். வழிபாடு இந்தோனேசிய மொழியில் இல்லாமல் மக்கள் மொழியான தேத்துமில் நடந்தது. 1991இல் திலி நகரின் சாந்தா க்ரூஸ் கல்லறைத் தோட்டத்தில் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஒரு நினைவுத் திருப்பலியைத் தொடர்ந்த ஊர்வலத்தில்தான்.

கொரியாவிலும் இதே விசை வேலை செய்தது. ஆசியாவின் பல இடங்களில் கிறித்தவம் வெள்ளையர் ஆட்சியின் துணையாகப் பார்க்கப்பட்டபோது, கொரியாவை ஆண்டது ஜப்பான். அதனால் மிஷன் பள்ளியில் படிப்பதும் தேசப்பற்றும் மோதவில்லை. 1919 மார்ச் 1 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறித்தவர்கள். அன்றைய மக்கள்தொகையில் கிறித்தவர் மிகச் சிறிய பகுதி.

ஆள்பவனும் ஆளப்பட்டவனும் ஒரே மதம் என்றால் படம் மாறுகிறது. மெக்சிகோவில் 1810இல் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகக் கலகத்தைத் தொடங்கிய மிகேல் இதால்கோ ஒரு பங்குத் தந்தை. அவர் ஏந்தியது குவாதலூப்பே மரியன்னையின் கொடி. அவரைச் சபை நீக்கம் செய்ததும் ஆயர்தான். ஒரே அன்னையிடம் இரு தரப்பும் வேண்டிக்கொண்ட அந்த நாட்டில் மதம் எல்லைக்கோடாக முடியவில்லை. திருச்சபையின் நிலமும் சலுகையுமே சண்டைக்குரியவையாயின. 1917 அரசமைப்பு மதகுருமாரின் அரசியல் உரிமைகளைப் பறித்தது. 1926 முதல் 1929 வரை நடந்த கிறிஸ்தெரோ போரில் கத்தோலிக்க விவசாயிகள் அந்த அரசை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தினார்கள்.

மதத்தையே தேசியத்தின் சான்றிதழாகக் கொண்டதன் உச்சத்தை 1923இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் காணலாம். யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை மொழி முடிவுசெய்யவில்லை. துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்த அனத்தோலிய ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் ‘கிரேக்கர்’ என்று கப்பல் ஏற்றப்பட்டன. கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் ‘துருக்கியர்’ என்று அனுப்பப்பட்டார்கள். இரு பக்கமும் சேர்த்துப் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். சர்வதேச ஒப்பந்தம் போட்டு, அதிகாரிகள் மேற்பார்வையில் நடந்தது அது. மதமும் தேசமும் ஒன்றென்று ஏட்டில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்றுகளும் உண்டு; ஆனால் இவ்வளவு சட்டபூர்வமான சான்று குறைவு.

விடுதலைக்குப் பிறகு

அயர்லாந்திலும் தொடக்கம் போலந்தைப் போன்றதே. புரொட்டஸ்டன்ட் எனப்படும் சீர்திருத்த சபையைச் சேர்ந்த இங்கிலாந்து ஆண்டது. கத்தோலிக்கருக்கு நிலமும் பதவியும் நாடாளுமன்ற இருக்கையும் மறுக்கப்பட்டன. டேனியல் ஓ’கானல் கிராமத்துக் கோயில்களை அமைப்பாக வைத்து மக்களைத் திரட்டி 1829இல் அந்தத் தடையை உடைத்தார். ஆனால் அயர்லாந்திலிருந்து கற்க வேண்டியது விடுதலைக்குப் பிந்தைய பாடத்தைத்தான்.

1937 அரசமைப்பு மகா பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது. அதன் 44ஆம் பிரிவு கத்தோலிக்கத் திருச்சபைக்குச் ‘சிறப்பு நிலை’ கொடுத்தது, விவாகரத்து தடைசெய்யப்பட்டது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிந்துபோய் பிரிட்டனோடு இருந்த நிலையில், அங்கிருந்த சீர்திருத்த சபையினருக்கு இந்த ஆவணம் சொன்ன செய்தி என்னவென்று யோசித்துப் பார்க்கலாம். 1951இல் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன், தாய்மாருக்கும் பதினாறு வயதுவரையான பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார். மருத்துவர் சங்கம் எதிர்த்தது, ஆயர்களும் எதிர்த்தார்கள். குடும்பத்தின் உரிமையில் அரசு தலையிடுகிறது என்பது ஆயர்களின் வாதம். அமைச்சரவை அவரைக் கைவிட்டது, அவர் பதவி விலகினார். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குமேல் ஓர் அரசு இருப்பதை நாடு அன்று கண்ணாரக் கண்டது.

மறைந்திருந்தவை பிறகு வெளியே வந்தன. மணமாகாமல் கருவுற்ற பெண்களும் ‘ஒழுக்கம் கெட்டவர்’ எனப்பட்ட பெண்களும் அடைக்கப்பட்ட மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியானது மூடப்பட்டது 1996இல்தான். துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் குழந்தைகள் பல பத்தாண்டுகளாக அனுபவித்த கொடுமைகளை 2009இல் அரசு விசாரணை ஆணையம் பக்கம் பக்கமாகப் பதிவுசெய்தது. இவற்றைச் சில தீய மனிதர்களின் குற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசே திருச்சபையிடம் பள்ளியையும் மருத்துவமனையையும் காப்பகத்தையும் ஒப்படைத்திருந்தது. கேள்வி கேட்பவர் தேசத்தையே கேள்வி கேட்பவராகப் பார்க்கப்பட்டார். தேசமும் சபையும் ஒன்றாகிவிட்ட இடத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் புகார் சொல்ல ஓரிடம்கூட மிஞ்சவில்லை. இந்தக் கட்டுரையில் எதையாவது அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

விளைவு வேகமாக வந்தது. 1995இல் விவாகரத்து மயிரிழையில் அனுமதிக்கப்பட்டது. 2015இல் ஒருபாலினத் திருமணத்தை 62 சதவீத வாக்காளர்கள் ஏற்றார்கள். 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1979இல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இரண்டாம் ஜான் பாலைக் காணப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 2018இல் அதே பூங்காவில் போப் பிரான்சிஸின் திருப்பலிக்கு வந்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதியே.

போலந்து இதே பாதையில் தாமதமாகப் போகிறது. 1990இல் நாடாளுமன்ற விவாதம் ஏதுமின்றி, அமைச்சகத்தின் அறிவுறுத்தல் ஒன்றின் வழியாகவே மறைக்கல்வி அரசுப் பள்ளிகளுக்குத் திரும்பியது. 1993இல் கருக்கலைப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1997 அரசமைப்பின் முகவுரை மட்டும் பழைய போலந்தின் பெருந்தன்மையை நினைவூட்டுகிறது: கடவுளை நம்புவோரும், உண்மையையும் நீதியையும் வேறு ஊற்றுகளிலிருந்து பெறுவோரும் சமமான குடிமக்கள் என்கிறது அது. பின்னர் ‘சட்டமும் நீதியும்’ என்ற வலதுசாரிக் கட்சியின் ஆட்சியில் ஆயர்களில் பலர் கட்சிக்கு நெருக்கமாகத் தோன்றினார்கள். 2020 அக்டோபரில் அரசமைப்புத் தீர்ப்பாயம் கருவில் கடும் குறைபாடு கண்டறியப்பட்டாலும் கலைக்கக் கூடாது என்றதும் தெருக்கள் நிரம்பின. போராட்டம் ஆலயங்களுக்குள்ளும் நுழைந்தது. வழிபாட்டு நேரத்தில் பதாகைகளோடு பெண்கள் நின்றார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் புகலிடமாக இருந்த கட்டடத்தையே எதிர்த்தரப்பின் கட்டடமாக ஒரு தலைமுறை பார்க்கத் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் 88 சதவீதத்தை ஒட்டியிருந்த கத்தோலிக்கர் பங்கு 2021இல் 71 சதவீதமாகக் குறைந்தது. ஐந்தில் ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் தர மறுத்ததையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். அந்த மறுப்பும் ஒரு பதில்தான் என்பது என் எண்ணம்.

திமோரில் இதன் தொடக்கத்தைக் காணலாம். 2002இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசமைப்பு, விடுதலைப் போரில் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கை வெளிப்படையாகப் போற்றுகிறது. 2005இல் பள்ளிகளில் மறைக்கல்வியை விருப்பப் பாடமாக்க அரசு முனைந்தபோது திருச்சபை மக்களைத் தெருவுக்கு அழைத்தது, அரசு பின்வாங்கியது. அன்றைய பிரதமர் மாரி அல்காதிரி முஸ்லிம்.

அறிவிப்பால் ஆன கிறித்தவ நாடு

ஜாம்பியாவில் வேற்று மத ஆட்சியின் ஒடுக்குமுறை வரலாறு எதுவும் இல்லாமல், ஒரு தலைவரின் அறிவிப்பால் நாடு கிறித்தவ நாடானது. 1991 இறுதியில் பலகட்சித் தேர்தலில் கென்னத் கவுண்டாவைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்த ஃபிரெடரிக் சிலுபா, இரண்டு மாதங்களுக்குள் டிசம்பர் 29 அன்று அதிபர் மாளிகையில் நின்று ஜாம்பியாவைக் கிறித்தவ நாடாகப் பிரகடனம் செய்தார். பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகளில் பலர் மகிழ்ந்தார்கள். கத்தோலிக்க ஆயர்களிடமும் பழைய சபைகளின் கூட்டமைப்பிடமும் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அவர்கள் தயக்கத்தோடே பார்த்தார்கள். 1996இல் அந்த வாசகம் அரசமைப்பின் முகவுரையில் ஏறியது.

2001இல் சிலுபா சட்டம் அனுமதிக்காத மூன்றாவது பதவிக்காலத்துக்கு அடிபோட்டார். கத்தோலிக்க ஆயர்கள், சபைகளின் கூட்டமைப்பு, சுவிசேஷ சபைகளின் கூட்டமைப்பு என மூன்றும் வழக்கறிஞர் சங்கத்தோடும் பெண்கள் அமைப்புகளோடும் சேர்ந்து ‘ஒயாசிஸ் மன்றம்’ என்ற மேடையை உருவாக்கின. அவர் பின்வாங்க வேண்டியிருந்தது. நாட்டைக் கிறித்தவ நாடு என்று அறிவித்தவரைத் தடுத்து நிறுத்தியதில் திருச்சபைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அரசமைப்பின் வாசகம் அதற்கு உதவவில்லை. அரசிடமிருந்து சற்றுத் தள்ளி நின்ற நிறுவனங்களின் சுதந்திரம்தான் உதவியது.

பப்புவா நியூ கினியும் 2025 மார்ச்சில் அரசமைப்பைத் திருத்தித் தன்னைக் கிறித்தவ நாடு என்று எழுதிக்கொண்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் அந்த நாட்டை ஒன்றாகக் கட்ட ஒரு கயிறு தேவை என்பதை மறுக்க முடியாது. அந்தக் கயிறு கட்டப்படாதவர்களை என்ன செய்யும் என்பது இனித்தான் தெரியும்.

அமெரிக்கா: சுவரைக் கேட்டவர்கள்

அமெரிக்காவில் சபையையும் அரசையும் பிரித்தது மத எதிர்ப்பாளர்களின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அதற்காக அதிகம் போராடியவர்களில் பாப்டிஸ்ட் கிறித்தவர்களும் அடக்கம். விர்ஜீனியாவில் அனுமதியின்றிப் பிரசங்கித்த பாப்டிஸ்டுகள் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். 1802இல் அதிபர் ஜெஃபர்சன் சபைக்கும் அரசுக்கும் இடையே ‘பிரிக்கும் சுவர்’ என்ற சொல்லை எழுதியது, கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு அனுப்பிய கடிதத்தில்தான். அம்மாநிலத்தில் வேறொரு சபை அரசின் சபையாக இருந்தது. மசாசூசெட்ஸில் அரசு சபை முறை 1833வரை நீடித்தது. நாட்டுக்கும் கொடிக்கும் எடுக்கும் தேசிய உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் சேர்ந்தது 1954இல். ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது தேசிய வாசகமானது 1956இல். இரண்டுமே சோவியத் நாத்திகத்துக்கு எதிர்வினை. எதிரியைப் பார்த்து அடையாளம் உருவாகும் வழக்கம் இங்கேயும் தப்பவில்லை.

அந்த நாட்டில் கிறித்தவம் ஒன்றாக இருந்ததும் இல்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், இந்த மண்ணின் கிறித்தவத்துக்கும் கிறிஸ்துவின் கிறித்தவத்துக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாட்டைக் காண்கிறேன் என்று 1845இல் எழுதினார். மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் கருப்பினத்தவரின் ஆலயங்களிலிருந்து எழுந்தது. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம், பொறுமை காக்கச் சொன்ன வெள்ளை மதகுருமாருக்கு எழுதிய பதில். 1979இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கிய பின், வெள்ளையின சுவிசேஷ சபையினர் குடியரசுக் கட்சியின் உறுதியான வாக்கு வங்கியானார்கள். கடந்த மூன்று அதிபர் தேர்தல்களில் அவர்களில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு டிரம்புக்கு வாக்களித்தார்கள். அதே காலத்தில், தம்மைக் கிறித்தவர் என்று சொல்லும் அமெரிக்கர்களின் பங்கு பியூ ஆய்வு மையக் கணக்குப்படி 2007இல் 78 சதவீதமாக இருந்து 2023–24இல் 62 சதவீதமானது. மதம் ஒரு கட்சியின் கொடியாகத் தெரியத் தொடங்கியதும், அந்தக் கட்சியைப் பிடிக்காத மிதவாதிகள் மதத்திலிருந்தே விலகினார்கள் என்று மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர்கள் 2002இலேயே வாதிட்டார்கள். வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அயர்லாந்தையும் போலந்தையும் பார்த்துவிட்டு வருபவருக்கு அந்த வாதம் புதிதாகத் தோன்றாது.

ஆலயம் போகாதவரின் கிறித்தவம்

பவேரியச் சிலுவைக்கு இப்போது விளக்கம் கிடைக்கிறது. மேற்கு, மத்திய ஐரோப்பாவில் ஆலயங்கள் காலியாகும் காலத்தில்தான் ‘கிறித்தவ ஐரோப்பா’ என்ற அரசியல் முழக்கம் உரத்து ஒலிக்கிறது. ஹங்கேரியின் 2011 அரசமைப்பு, தேசத்தைக் காத்ததில் கிறித்தவத்தின் பங்கைப் போற்றுகிறது. 2018 திருத்தம் நாட்டின் கிறித்தவப் பண்பாட்டைக் காப்பது அரசு உறுப்புகளின் கடமை என்றது. அகதிகள் வருகைக்குப் பின் வந்த திருத்தம் அது. இங்கே கிறித்தவர் என்ற சொல்லுக்கு, முஸ்லிம் அல்லாதவர் என்பதைத் தவிர அதிகப் பொருள் இல்லை. ஜெர்மனியின் தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சி வலுவாக இருப்பது, உலகிலேயே மதப்பற்று மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்றான முன்னாள் கிழக்கு ஜெர்மனியில். 2024 பிப்ரவரியில் ஜெர்மன் கத்தோலிக்க ஆயர்கள் ஒருமித்து, இனவழித் தேசியமும் கிறித்தவமும் ஒத்துவராதவை, அக்கட்சி கிறித்தவர் வாக்களிக்கத் தக்கதல்ல என்று அறிக்கை விட்டார்கள்.

அந்த ஆயர்களின் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது. ஹிட்லர் காலத்தில் ‘ஜெர்மன் கிறித்தவர்கள்’ என்ற இயக்கம் சீர்திருத்த சபைகளை நாஜி அரசுக்கு அடகு வைத்தபோது, 1934இல் பார்மன் நகரில் கூடிய சிறுபான்மையினர் கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவருக்குச் சபை கீழ்ப்படியாது என்று அறிக்கையிட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலும் இறையியலே இரு பக்கமும் நின்றது. ‘சிலரின் பலவீனத்தை’ முன்னிட்டு வெள்ளையரும் கருப்பினத்தவரும் தனித்தனியே வழிபடலாம் என்று 1857இல் டச்சு சீர்திருத்த சபை எடுத்த முடிவு, பின்னாளில் இனஒதுக்கலுக்கு ஆன்மிக அடித்தளமானது. அதைத் தகர்த்தவர்களும் சபைக்குள்ளிருந்தே வந்தார்கள்: 1982இல் உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை இறையியலால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்து வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது.

ஒரே திருமுழுக்கு, இரண்டு தேசங்கள்

ரஷ்யாவில் 1991இல் தம்மை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 31 சதவீதம். 2008இல் 72 சதவீதம். மாதம் ஒருமுறையாவது ஆலயம் போனவர்கள் 2 சதவீதத்திலிருந்து 7 சதவீதமானார்கள். இரண்டு கணக்குகளுக்கும் இடையே உள்ள அந்தப் பெரிய இடைவெளியில் நிரம்பியிருப்பது தேசியம். சோவியத் ஒன்றியம் சிதறிய பின் ரஷ்யர் யார் என்ற கேள்விக்கு ஆர்த்தடாக்ஸ் என்பது கைக்கெட்டிய விடை. 2020இல் திருத்தப்பட்ட அரசமைப்பில் கடவுளின் பெயர் ஏறியது. 2022 செப்டம்பரில், உக்ரைன் போருக்கு ஆள்திரட்டும் அறிவிப்பு வந்த சில நாட்களில், போர்க்கடமையில் இறப்பவரின் பாவங்கள் அனைத்தும் கழுவப்படும் என்று ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரான மறைமுதுவர் கிரில் பிரசங்கித்தார். கொல்லப்பட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அவருடைய சபையோடு இணைந்திருந்த உக்ரைன் சபையைச் சேர்ந்தவர்கள்.

இரு நாடுகளும் 988இல் கீவ் அரசர் வொலோதிமிர் காலத்தில் நடந்த திருமுழுக்கையே தம் தொடக்கமாகக் கொள்கின்றன. ஆகவே யார் அதன் வாரிசு என்பதும் போரின் ஒரு பகுதி. 2019 ஜனவரியில் கான்ஸ்டாண்டினோபிள் மறைமுதுவர் பார்த்தலோமேயு உக்ரைனுக்குத் தனிச் சபையை அங்கீகரித்தார். மாஸ்கோவோடு இணைந்திருந்த பழைய சபையும் 2022 மே மாதம் தான் சுதந்திரமானது என்று அறிவித்தது; அரசு அதை முழுமையாக நம்பவில்லை. 2023இல் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாறியது. 2024 ஆகஸ்டில் ரஷ்ய சபையோடு தொடர்புள்ள மத அமைப்புகளைத் தடைசெய்ய வழிவகுக்கும் சட்டம் நிறைவேறியது. தாக்கப்படும் நாடு தன் பாதுகாப்பைப் பார்ப்பது இயல்பு. ஆனால் எந்தப் பாதிரியார் எந்த மறைமுதுவரின் பெயரைச் சொல்லி வேண்டுகிறார் என்பதை அரசு அலுவலர் ஆராய வேண்டிய நிலை வருவது அந்த நாட்டின் மதச் சுதந்திரத்துக்கு நல்லதில்லை. இப்போது பல ஊர்களில் பங்கு மக்கள் கூடி, எந்தச் சபையோடு சேர்வது என்று வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். தோற்ற தரப்பினர் பிறகு வீடுகளிலும் வாடகை அறைகளிலும் தனியே வழிபடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உக்ரைன் படையில்தான் இருக்கிறார்கள்.